பள்ளிக்கூடம் திறக்க மனுப் போடுமுன்

மினியாப்பொலிஸ் நகரத்தில் இருக்கும் என் மருமகன், தங்கச்சியின் மூத்தவன், போன நோன்புக்குக் கொஞ்சம் முந்தித் தொலைபேசியில் பேசினான். "மாமா, கூட்டாளிமார் ஆறு பேர் சேர்ந்திரிக்கம். ஊரில ஒரு பள்ளிக்கூடம் திறக்கணும். காசு ஒரு பிரச்சினையில்ல. எங்க எழுதிக் குடுக்கிற எண்டு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க."

"காசு ஒரு பிரச்சினையில்ல" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும். பல வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் இதே சொல்லோடு ஆங்கில மூலப் பள்ளிக்கூடம் ஒன்று தொடங்கினார்கள். ஊரையும் பெயரையும் இங்கே எழுதவில்லை. நான்தான் அதன் பொருளாளர். கம்பனியாகப் பதிந்து, வாடகை வீட்டில் நான்கு வகுப்பு வைத்து, திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டோம். இரண்டாம் வருடம் வெளிநாட்டுக் காசு வருவது குறைந்தது. ஆசிரியைகளுக்கு மூன்று மாதச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. வீட்டுக்காரர் வீட்டைக் கேட்டார். தவணை நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை, மூடினோம். பிள்ளைகளைத் திரும்ப அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் சேர்க்கப் பெற்றோர் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது. ஓட்டோ ஓடும் ஒரு வாப்பா என் வீட்டு வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "நீங்க இரிக்கீங்க எண்டுதானே சேர் புள்ளயக் கொண்டுவந்து சேர்த்த" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் மருமகனிடம் ஒரு நிபந்தனை வைத்தேன். அவன் இருக்கும் நாட்டில் இப்படி ஒரு பள்ளிக்கூடம் திறக்க என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு முதலில் காட்ட வேண்டும். அவன் அனுப்பினான். அச்சடித்துப் பார்த்தால் ஒரு ஃபைல் நிறையத் தாள். அதை வாசித்து, எங்கள் நாட்டுச் சட்டத்தோடு வைத்துப் பார்த்து, பிறகு வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைக்கும் போய் வந்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை. இப்படி ஓர் எண்ணம் நம்மில் பல ஊர்களில் பலருக்கு இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இதைச் சார்ட்டர் பாடசாலை என்கிறார்கள். சார்ட்டர் என்றால் பட்டயம். அரசாங்கப் பணத்தில் நடக்கும். பிள்ளையிடம் கட்டணம் வாங்கக் கூடாது. யாரையும் பொறுக்கி எடுக்கக் கூடாது, இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் சீட்டுக் குலுக்க வேண்டும். நடத்துவது மட்டும் அரசாங்கமல்ல, தனியான ஒரு சபை. இதற்கான முதல் சட்டம் மருமகன் இருக்கும் அதே மினசோட்டா மாநிலத்தில் 1991இல் வந்தது. முதல் பள்ளிக்கூடம் அடுத்த வருடம் செயின்ட் போல் நகரில் திறந்தது. சோமாலியாவிலிருந்து போய்க் குடியேறிய முஸ்லிம்களின் பிள்ளைகள் அங்கே இப்படியான பள்ளிக்கூடங்களில் நிறையப் படிக்கிறார்கள். மருமகனுக்கு ஆசை பிறந்த இடமும் அதுதான். ஆனால் அவை சமயப் பள்ளிக்கூடங்கள் அல்ல. ஒக்லஹோமா மாநிலத்தில் கத்தோலிக்கர் சமயச் சார்ட்டர் ஒன்று கேட்டுப் போனார்கள். மாநில உயர் நீதிமன்றம் மறுத்தது. 2025 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலாகப் பிரிந்ததால் அந்த மறுப்பே நிலைத்தது.

பட்டயம் சும்மா கிடைப்பதில்லை, நிரந்தரமும் இல்லை. பெரும்பாலும் ஐந்து வருடம் போல ஒரு தவணை. சொன்னதைச் செய்யவில்லை என்றால் புதுப்பிக்க மாட்டார்கள். ஆகவே விண்ணப்பம் என்பது உண்மையில் ஒரு வாக்குமூலம். எந்தப் பிள்ளைக்காக? அந்தப் பிள்ளை இப்போது எங்கே படிக்கிறது? அங்கே என்ன குறை? அந்தக் குறையை நீங்கள் தீர்ப்பீர்கள் என்று நம்ப என்ன ஆதாரம்? சபையில் யார் யார், அவர்களில் யாருக்காவது காணியிலோ கட்டடத்திலோ ஆதாயம் உண்டா? இவ்வளவும் எழுத வேண்டும். நான் ஃபைலை மூடி வைத்துவிட்டு எழுந்து போனது இரண்டு பக்கங்களில்.

ஒன்று, நீங்கள் எதிர்பார்த்த பிள்ளைகள் வராவிட்டால் வரவு செலவு எப்படி என்ற பக்கம். பணம் பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்று வருவதால், தலை குறைந்தால் பணம் குறையும். ஒரு கணக்குக்கு 100 பிள்ளை என்று எழுதி 5 ஆசிரியரை எடுத்தீர்கள், வந்தது 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒரு பங்கு வருமானம் போயிற்று. ஆனால் வகுப்புகள் ஐந்தும் அப்படியே இருக்கின்றன. எந்த வகுப்பு ஆசிரியரை நிற்பாட்டுவீர்கள்? எங்கள் கதையும் இதுதான். அன்றைக்கு எங்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

மற்றது, மூடினால் என்ன செய்வீர்கள் என்ற பக்கம். திறக்கவே அனுமதி கிடைக்காத பள்ளிக்கூடத்தை மூடுவதற்குத் திட்டம் கேட்கிறார்கள். பிள்ளைகளின் பதிவேடுகள் யாரிடம் போகும், பெற்றோருக்கு எத்தனை நாள் முந்தி அறிவிப்பீர்கள், எந்தப் பள்ளிக்கூடம் இந்தப் பிள்ளைகளை எடுக்கும், மிச்சக் காசும் தளபாடமும் யாருக்கு, இதற்கெல்லாம் பொறுப்பான ஆள் யார். அந்த ஓட்டோக்காரர் என் வாசலில் நின்றபோது என்னிடம் இருந்திருக்க வேண்டிய தாள் அது.

இது வெள்ளைக்காரனின் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் ஏறத்தாழ 90 வருடம் நடந்ததும் இதன் உறவுமுறைதான். மோர்கன் குழுவின் 1867ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின், 1869இல் பொதுப் போதனாத் திணைக்களம் ஏற்பட்டது. அதன் பிறகு உதவி நன்கொடைப் பள்ளிக்கூடங்கள் பெருகின. அரசாங்கம் காசு கொடுக்கும், மிஷனோ சபையோ நடத்தும். தொடக்கத்தில் பரீட்சைப் பெறுபேற்றுக்கு ஏற்பக் காசு. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் பிள்ளைகளை வீடுவீடாய்ப் போய்க் கூட்டி வந்த வாத்திமார் கதைகளை என் வாப்பா சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே உள்ள பள்ளிக்கூடத்துக்குக் கால் மைலுக்குள் இன்னொன்றுக்கு நன்கொடை இல்லை என்ற விதி 1890களில் வந்தபோது, பிந்தி எழும்பிய பௌத்தரும் இந்துக்களும் அதை எதிர்த்தார்கள். ஊர் நடுவில் மிஷன் பள்ளிக்கூடம் முந்தியே இருக்கும், இவர்கள் ஊருக்கு வெளியே போக வேண்டும்.

மட்டக்களப்பில் மெதடிஸ்த மிஷன் 1814இலேயே வந்துவிட்டது. அந்த ஓட்டத்தில் நாமும் இறங்கினோம், பிந்தித்தான். 1892இல் கொழும்பு ஸாஹிறா தொடங்கியபோது சித்தி லெப்பையும் வாப்பிச்சி மரைக்காரும் முன்னின்றார்கள், நாடுகடத்தப்பட்டு வந்திருந்த எகிப்திய ஒறாபி பாஷா ஆதரவாக நின்றார். அதே 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம், சுவாமி விபுலாநந்தராகி, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். நமது ஏ.எம்.ஏ. அஸீஸ் 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த காலத்தில் விபுலாநந்தரோடு பழகியவர். பின்னால் 1945இல் முஸ்லிம் பிள்ளைகளுக்கான புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடங்கி, 1948இல் ஸாஹிறாவின் அதிபரானார். அஸீஸ் முதலில் கட்டடம் கட்டவில்லை, ஏற்கெனவே படிக்கிற பிள்ளையைக் கைவிடாமல் பிடிக்க ஒரு நிதியம் கட்டினார். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

உதவி நன்கொடை முறையின் ஓட்டை எது என்று கேட்டால், மனேஜர் என்பேன். 1945இல் இலவசக் கல்வி வந்த பிறகு பெரும்பாலான பள்ளிக்கூடங்களில் சம்பளம் அரசாங்கத்துடையது, ஆளை வைப்பதும் எடுப்பதும் மனேஜருடையது. அவர் மிஷனுக்குப் பதில் சொல்வார். பிள்ளையின் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் பதில் சொல்ல அவரை யாரும் கட்டவில்லை. அந்த ஓட்டைக்குள்ளால்தான் 1960 நுழைந்தது. அந்த வருடத்து 5ஆம் இலக்கச் சட்டத்தையும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டத்தையும் கொண்டுவந்த கல்வி அமைச்சர் நம்மவர், கம்பளை ஸாஹிறாவின் அதிபராயிருந்த பதியுதீன் மஹ்மூத். மிஷன் பள்ளிக்கூடங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. சிவானந்தாவும் போயிற்று. நம் பெரியவர்கள் சிலர் இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள், சிலர் ஸாஹிறாவுக்காக வருந்துகிறார்கள். கொழும்பு ஸாஹிறாவுக்கு 1982இல் தனிச் சட்டத்தால் ஓர் ஆளுநர் சபை கிடைத்தது. அது எல்லாருக்கும் கிடைக்கிற வழியல்ல.

மருமகனின் கேள்விக்குப் பதிலும் அந்த 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இருக்கிறது. 5 வயதிலிருந்து 14 வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பள்ளிக்கூடம் நிறுவ அது இடம் தரவில்லை. அதாவது, "எங்க எழுதிக் குடுக்கிற" என்றால், அப்படி ஒரு கந்தோர் இல்லை. பட்டயம் கொடுக்கிற கையும் இல்லை.

பிறகு நாடு முழுக்க இருக்கும் சர்வதேசப் பாடசாலைகள்? அவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்த கம்பனிகள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தைப் படித்தால் பங்குதாரரைப் பற்றி இருக்கும், பிள்ளையைப் பற்றி ஒரு வரியும் இராது. இலவசப் பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்க முறைக்குள் இருக்கும் பிள்ளைக்குத்தான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையும் அப்படியே. சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் போக வேண்டி வரும். ஆசிரியைக்கு ஓய்வூதியம் இல்லை, ஆகவே அரசாங்க நியமனம் வந்த அன்றே போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எங்களிடமிருந்தும் அப்படித்தான் இரண்டு பேர் போனார்கள். வசதியுள்ள நகரத்தில் கட்டணம் வாங்கி இதை நடத்தலாம். தரும காசில், ஏழைப் பிள்ளைக்கு நடத்துவோம் என்றால் முதலில் அந்த வரவு செலவுப் பக்கத்தை எழுதிப் பாருங்கள்.

வேறு கதவுகளும் உண்டு. பாலர் பாடசாலைக்கு மாகாண மட்டத்தில் பதிவு இருக்கிறது. 5 வயதுக்குக் கீழ் என்பதால் தடை இல்லை. அறபுக் கல்லூரி, குர்ஆன் மத்ரஸா, அஹதியா எல்லாம் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் பக்கம். 2019க்குப் பிறகு அந்தப் பக்கம் கேள்விகள் கூடிவிட்டன. பாடத்திட்டமும் கணக்கும் சுத்தமாய் இல்லாமல் போகவே கூடாது. அரசாங்கமே புதிய பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்று வலயக் கல்விப் பணிப்பாளர் ஊடாக மாகாணத்துக்குக் கோரிக்கை வைக்கலாம். அதற்குக் காணியும் பிள்ளைக் கணக்கும் காட்ட வேண்டும். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் இருந்தால் கோரிக்கை அங்கேயே நின்றுவிடும். பழைய கால் மைல் விதி வேறு உடுப்பில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு முதற் கேள்விக்குத் திரும்பினேன். எந்தப் பிள்ளைக்காக? எங்கள் ஊரில் ஒரு மூலையில் நின்று கூப்பிட்டால் மூன்று பள்ளிக்கூடத்துக்குக் கேட்கும். பள்ளிக்கூடம் இல்லாததால் படிக்காத பிள்ளை என்று ஒருவரையாவது காட்டச் சொன்னால் என்னால் முடியாது. அப்போதுதான் கொக்கட்டிச்சோலை ஞாபகம் வந்தது.

என் முதல் நியமனம் 1982இல், படுவான்கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். விடியச் சுபஹு தொழுதுவிட்டுச் சைக்கிளில் மண்முனைத் துறைக்குப் போய், பாதையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும். பாதை அந்தக் கரையில் நின்றால் வகுப்புப் பிந்தும். நம்மவர்கள் அந்தப் பக்கம் வயல் செய்தார்கள், புடவை விற்றார்கள், தான்தோன்றீஸ்வரர் தேருக்கு நம் கடைகள் போகும். 1985இல் இரு சமூகமும் முட்டிக்கொண்டபோது நான் இடமாற்றம் வாங்கி வந்துவிட்டேன். பிறகு நடந்தவை எல்லாருக்கும் தெரியும். அந்தக் கரையில் 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் கொல்லப்பட்ட மக்கள். இந்தக் கரையில் 1990 ஆகஸ்ட் 3 இரவு தொழுகையில் கொல்லப்பட்ட எங்கள் ஆட்கள். அதற்குப் பின் வெகு காலம் நான் வாவியின் மேற்கைப் பார்த்ததே இல்லை.

இப்போது பாதை இல்லை. 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறந்தார்கள். ஆரையம்பதி தாண்டித் திரும்பினால் மோட்டார் சைக்கிளில் தண்ணீரைக் கடக்க எடுக்கும் நேரம் ஒரு ஸலவாத்து ஓதும் நேரம்தான். அன்று நாலாம் வகுப்பில் என்னிடம் படித்த பையன் இன்று அந்தப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் அதிபர். தலை நரைத்துவிட்டது. "வாங்க சேர், வாங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் விசயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, யோசித்தார்.

"சேர், கட்டடம் கிடக்கு. பிள்ளையள் கிடக்கு. பஸ் கடைசி ஓட்டத்துக்குப் போயிட்டா வாத்திமார்தான் இல்ல" என்றார்.

அவர் சொன்னதை என் மொழியில் எழுதுகிறேன். ஆசிரியர்களில் பெரும்பாலானோர் எழுவான்கரையிலிருந்து காலையில் வந்து பிற்பகலில் திரும்புகிறவர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அவர்களில் இருக்கிறார்கள். நியமனத் தவணை முடிந்த கையோடு இடமாற்றம் கேட்பார்கள். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் வந்தவர் போனால் அடுத்தவர் வரும் வரை வகுப்பு வெறுமை. மார்கழி, தை மழையில் வயல் நிரம்பி வீதியை மூடினால் வருகைப் பதிவேட்டைப் பார்க்கவே வேண்டாம். உள்ளே காட்டோரக் கிராமங்களில் யானை இறங்கும் காலத்தில், இருட்டுமுன் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் பின்னேர வகுப்பும் வைக்க முடியாது. பள்ளிக்கூடத்தோடு இருந்த ஆசிரியர் விடுதி கூரை போய்க் கிடக்கிறது. நான் 1983இல் வெள்ளத்துக்கு மூன்று இரவு தங்கியதும் அப்படி ஒரு விடுதியில்தான். அவருக்கு அது ஞாபகம் இருந்தது. "நீங்க அண்டைக்கு அரிக்கேன் லாம்பு வெளிச்சத்தில எங்களுக்குப் பின்னக் கணக்குச் சொல்லித் தந்தீங்க" என்றார்.

திரும்பி வந்து ஊரில் ஒரு கூட்டம் வைத்தோம். எதிர்பார்த்த கேள்வி முதலிலேயே வந்தது. "நம்மட காசை ஏன் அந்தக் கரைக்கு?" கேட்டவர் கெட்டவரல்ல. 1990இல் அவர் வீட்டில் மையித்து விழுந்தது. நான் அவரோடு வாதாடவில்லை. ஓர் ஆசிரியை எழும்பிச் சொன்னது இன்னும் கனமானது: "சேர், நம்மட ஊரில உயர்தர விஞ்ஞானத்துக்குப் படிக்கிற பொம்புளப் புள்ளையள் டியூசனுக்குக் காசில்லாம கலைப் பிரிவுக்கு மாறுறாங்க. அதுவும் பள்ளிக்கூடம் இல்லாத குறையில்ல. ஆள் இல்லாத குறைதான்." அதுவும் சரி. அஸீஸ் கட்டின நிதியம் இந்த இடத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அப்படியொரு உதவி நிதி, படுவான்கரைக்கு இதுவென்று இரண்டையும் எழுதினோம்.

கலந்த பள்ளிக்கூடம் ஒன்று திறக்கலாமே என்று இளவட்டத்தில் ஒருவர் கேட்டார். ஆசை நல்லது. ஆனால் நம் நாட்டில் அரசாங்கப் பள்ளிக்கூடமே சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று பிரிந்து கிடக்கிறது. முஸ்லிம் பள்ளிக்கூடத்துக்கு நோன்பு மாதம் லீவு, தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இல்லை. வெள்ளிக்கிழமை நேரசூசி வேறு. கலந்து வைத்தால் எந்தக் கலண்டரைத் தூக்குவது என்பதே முதல் சண்டையாகும். ஒருநாள் அதற்கும் பதில் காண வேண்டும், இந்த மனுவில் அல்ல.

ஆகவே இப்போது நாங்கள் தயாரிப்பது பள்ளிக்கூடம் திறக்கும் மனு அல்ல. இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தோடு, அதன் அபிவிருத்திக் குழுவும் வலயக் கல்வி அலுவலகமும் கையெழுத்திடும் மூன்று வருட உடன்படிக்கை. விடுதியின் கூரையும் கிணறும் கழிப்பறையும் எங்கள் செலவு. தங்கும் ஆசிரியருக்குச் சாப்பாட்டுப் படி. தங்குவது முஸ்லிம் ஆசிரியராயிருந்தால் சமையலுக்குத் தனிச் சட்டி. அதிபரே கேட்டு எழுதிக்கொண்டார், நாங்கள் கேட்கவில்லை. கிழமையில் நான்கு நாள் பின்னேரக் கணக்கும் ஆங்கிலமும், பிள்ளைகளை வீட்டடியில் இறக்க ஒரு வேன். சமயம் போதிப்பது எங்கள் வேலையல்ல என்பதையும் ஒரு வரியில் எழுதினோம். பழைய நன்கொடை முறையில், பெற்றோர் விரும்பாவிட்டால் பிள்ளையைச் சமயப் பாடத்துக்கு இருத்தக் கூடாது என்ற மனச்சாட்சி வாசகம் இருந்தது. எங்கள் வரி அதைவிடக் கண்டிப்பானது.

மினசோட்டாக் கேள்விகளை ஒவ்வொன்றாய் வைத்துத்தான் எழுதுகிறோம். காசு பாதியாய்ப் போனால் வேன் நிற்கும், படி நிற்காது என்று இப்போதே எழுதிவிட்டோம். ஒரு வருடச் செலவு கையில் வராமல் முதல் நாள் தொடங்குவதில்லை. மருமகனுக்கு இது கசந்தது. "மாமா, அப்ப பேர்ப் பலகை எங்க போடுற?" என்று கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான் என்று நினைக்கிறேன். அடுத்த கிழமை அவன்தான் நண்பர்களிடம் பேசி ஒரு வருடக் காசைத் தனிக் கணக்கில் போடச் சம்மதம் வாங்கினான்.

மூடும் பக்கத்தைத்தான் முதலில் எழுதி முடித்தேன். தவணை நடுவில் நிறுத்துவதில்லை. மூன்று மாதம் முந்திப் பெற்றோருக்கு எழுத்தில் அறிவிப்பு. விடுதியும் தளபாடமும் பள்ளிக்கூடத்துக்கே சொந்தம், திருப்பிக் கேட்க மாட்டோம். கீழே, பெற்றோர் தேடி வந்தால் பதில் சொல்லப் பொறுப்பானவர் என்று ஒரு கோடு. அந்த இடத்தில் என் பெயரை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அழித்துவிட்டேன். பென்சிலால்தான் எழுதினேன். வலயத்துக்குக் கொண்டுபோகும் நாளுக்குள் அதை மையால் எழுத வேண்டும்.